தானே வந்து நின்றவர்

போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாக நடந்து வந்து, "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், எழுதிக்கிடுங்க" என்று சொன்ன ஆள் என் சர்வீஸிலேயே ஒருத்தர்தான். குடித்துவிட்டு வந்து சொன்னவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் மறுநாள் காலையில் தலையைச் சொறிந்துகொண்டு, "நானா சொன்னேன்?" என்பார்கள்.

நான் தென்காசியில் டிராஃபிக் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். முன்கோபி என்று ஊருக்குள் பெயர். இருக்கட்டும். கூலக்கடை பஜாரில் லாரியைக் குறுக்கே போட்டுச் சரக்கு இறக்குகிறவனையும், குற்றாலம் சீசனில் நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி மலையில் மேகம் தவழ்வதைப் போட்டோ எடுக்கிறவனையும் நாளெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? அப்பேர்ப்பட்ட என்னையே சிரிக்க வைத்தவர் அந்தம்மா. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் ஒன்றும் நினைக்கமாட்டார், அவருடைய கொழுந்தன் சண்டைக்கு வருவார். ஸ்டேஷனில் நாங்கள் வைத்திருந்த பெயர் ஷார்ஜாக்காரம்மா.

முதல் தடவை அவர் வந்தது நல்ல பங்குனி வெயிலில். ஐம்பது வயது மதிக்கலாம். காட்டன் சேலை, நெற்றியில் திருநீறு, தலையில் ஏற்றிவிட்ட கூலிங்கிளாஸ், கையில் கார் சாவி. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். கோயிலுக்கு வருகிறவர் மாதிரி ஸ்டேஷனுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு யார் வருவார்கள்?

"சார், ஆக்சிடெண்ட் பண்ணிட்டேன்" என்றார்.

எஸ்.ஐ. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் தொப்பியைத் தேடினேன்.

"எங்கனம்மா? ஆளு எப்படி இருக்கு? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சா?"

"ஆளு இல்ல சார், ஸ்கூட்டரு. கூலக்கடை பஜார்ல ஓரமா நின்னுச்சு. ஆளு சாமான் வாங்கப் போயிருக்காரு போல. ரொம்ப நேரமா நின்னு பாத்தேன், வரல. சைடு கண்ணாடி உடைஞ்சு போச்சு. தப்பு என் மேலதான்."

எஸ்.ஐ. மெதுவாக உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். 'இது உம்ம பாடு' என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். வழக்கமாக வருகிறதுதான்.

"ஏம்மா, அதுக்கு இங்க என்னத்துக்கு வந்திய?"

"பேப்பர் வேணும்லா சார்? தப்புப் பண்ணவங்களுக்குச் சிவப்புச் சீட்டு, பண்ணாதவங்களுக்குப் பச்சைச் சீட்டு. அது இல்லாம அந்தண்ணன் ஸ்கூட்டர எப்படி ரிப்பேருக்கு விடுவாரு? எந்தப் பட்டறையிலயும் தொடமாட்டானே."

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஷார்ஜாவில் காரில் நகம் பட்ட அளவுக்குக் கீறல் விழுந்தால்கூடப் போலீஸைக் கூப்பிட்டுச் சீட்டு வாங்கியாக வேண்டுமாம். சீட்டு இல்லாமல் கொண்டுபோனால், எங்கேயோ ஆளை இடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பட்டறைக்காரன் வண்டியைத் தொடமாட்டானாம்.

"நம்ம ஊர்ல போலீஸ் பேப்பரோட போனாத்தாம்மா தொடமாட்டான்" என்றேன். "எதுக்குடா வம்புன்னு ஷட்டர இறக்கிருவான்."

அந்தம்மா சிரிக்கவில்லை. கடைசியில் நான்தான் கூடப் போய், ஸ்கூட்டர்காரரைத் தேடிக் கண்டுபிடித்து, புதுக் கண்ணாடி மாட்டிக்கொடுக்கிற வரைக்கும் நிற்கவேண்டியதாயிற்று. அந்த ஆளோ, போலீஸைக் கண்டதும், "கண்ணாடி ஏற்கனவே உடைஞ்சதுதான் ஏட்டையா" என்று ஒரே சாதிப்பு. தப்புப் பண்ணினவர் ஒத்துக்கொள்கிறார், பாதிக்கப்பட்டவன் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறான். இந்தக் கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல!

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். எல்லாம் சின்னச் சின்ன உரசல்தான். அங்கே ரோட்டின் வலது பக்கம் ஓட்டிப் பழகிய கை. ஊருக்கு வந்த புதிதில் காரின் இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, 'ஸ்டியரிங்கை எவன்டா கழற்றிட்டுப் போனான்' என்கிற மாதிரி முழிப்பாராம். அதைவிட வேடிக்கை இண்டிகேட்டர். அங்கத்திய காரில் இண்டிகேட்டர் இடது கையில், வைப்பர் வலது கையில். இங்கே நேர்மாறு. அதனால் அந்தம்மா எங்கே திரும்பினாலும் வைப்பர் ஆடும். கண்ணைக் கூசுகிற வெயிலில், யானைப்பாலத்துப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் வைப்பரை ஆட்டிக்கொண்டு வந்தால், ஆட்டோக்காரர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டுவிடுவார்கள். "ஏலே, அக்கா திரும்புதாக" என்று ஒருத்தருக்கொருத்தர் சத்தம் கொடுத்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நகராட்சி போட்ட வெள்ளைக்கோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார். நடக்கிறவர்களுக்கு வழிவிடுகிறாராம். நம் ஊர்க்காரனுக்கு அந்தக் கோடு எதற்கென்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கார் நின்றதும் அவனும் நின்றுவிடுவான். அவர் கையைக் காட்டி 'போங்க' என்பார். அவன் கிட்டே வந்து, "என்ன அட்ரஸ் வேணும்?" என்பான். பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே படுத்துக் கிடப்பான்.

இலஞ்சி வளைவில் ஒருநாள் நினைவு தப்பி வலது பக்கமே போய், எதிரே வந்த பஸ்ஸுக்கு மூக்குக்கு நேராக நின்றுவிட்டார். கண்டக்டர் கத்திக்கொண்டே இறங்கினார். நம் ஊரில் ரோட்டுச் சண்டைக்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேரும் இறங்கவேண்டும், இரண்டு பேரும் தன்மேல் தப்பில்லை என்று கத்தவேண்டும், கூட்டம் கூடவேண்டும், யார் தொண்டை பெரிதோ அவனுக்கு நியாயம். அந்தம்மா கண்ணாடியை இறக்கி, "தப்பு என் மேலதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். கண்டக்டருக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது. "அதச் சொல்லதுக்கு முன்னால ரிவர்ஸ் எடுங்கம்மா!" என்று மட்டும் சொன்னாராம். வேடிக்கை பார்க்க இறங்கியவர்கள் முகம் தொங்கிப்போய் மறுபடி பஸ்ஸில் ஏறினார்கள்.

கேரளாவுக்கு ஜல்லி கொண்டுபோகிற ஒரு லாரியின் பின்பக்கச் சிவப்பு விளக்கில் லேசாக மோதிவிட்டு, லாரிக்காரன் அதைக் கவனிக்காமல் போய்விட்டான் என்பதற்காக, அவனைத் துரத்திக்கொண்டே செங்கோட்டை வரைக்கும் போனதுதான் உச்சம். ஒரு பெண்பிள்ளை லைட்டைப் போட்டுப் போட்டுத் துரத்தி வருகிறாளே என்று பயந்து, அவன் இன்னும் வேகமாக ஓட்டியிருக்கிறான். செக்போஸ்ட்டில் மடக்கி விஷயத்தைச் சொன்னபோது, "எண்டெ சேச்சி, இதுக்கா?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டானாம். மன்னிப்புக் கேட்பதற்காகத் துரத்தப்பட்ட ஒரே லாரி அதுவாகத்தான் இருக்கும்.

சிரிக்க ஆயிரம் இருந்தாலும், அந்தம்மா கார் ஓட்டியது விளையாட்டுக்கு அல்ல. அதை ஊரே அறியும். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தவர். அங்கே வைத்தே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போயிற்று. ஊருக்குக் கூட்டிவந்து மேலகரத்தில் சொந்த வீட்டில் வைத்திருந்தார். ஆய்க்குடியில் கைகால் பயிற்சி கொடுக்கிற ஓர் இடத்தில் காட்டியபோது, விடாமல் கூட்டிவந்தால் நடக்கவைத்துவிடலாம், விட்டால் கட்டிலோடுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் நல்ல வாட்டசாட்டம். ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியாது. கூடப் பிறந்த தம்பிக்குப் பாத்திரக்கடை, அவருக்கு நேரம் கிடையாது. ஒரே மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில். அப்புறம் யார் ஓட்டுவார்கள்? அந்தம்மாதான் காலையில் ஆய்க்குடிக்கு ஓட்டுவார், மத்தியானம் திருப்பி ஓட்டுவார்.

அவருக்கு அங்கே லைசென்ஸ் கிடைத்த கதையை அவரே ஒரு மழைநாளில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். வெளியே சாரல் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் டீ வரவழைத்திருந்தேன். அன்றைக்கு அவர் வந்த காரணம் ஒரு பூக்கடைப் பந்தல்.

பிறந்த ஊர் புளியங்குடி. அப்பாவுக்கு எலுமிச்சை கமிஷன் கடை. ஷார்ஜாவில் முதன்முதலாக வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று வாங்கினதும், அப்பா ஊரிலிருந்து வந்த ஆள் மூலம் ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டிருக்கிறார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து ஏற்ற வேண்டுமே! அந்தம்மாவும் பில்டிங்குக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து, தேங்காயில் சூடம் கொளுத்திச் சுற்றி, ஓங்கி உடைத்திருக்கிறார். வாட்ச்மேன் ஒரு பாகிஸ்தான் பட்டாணியன், புகையைப் பார்த்ததும் தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கார்மேலும் சூடத்தின்மேலும் அந்தம்மா மேலும் நுரையை அடித்துவிட்டான்.

"பட்டுச்சேலை அண்ணாச்சி! கல்யாணச்சேலை! வெள்ளப் பொங்கல்ல முக்கி எடுத்த மாதிரி நிக்கேன். அவுக என்னடான்னா ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்காக. குப்ப போட்டதுக்கு அபராதம் வேற."

அப்புறம் டெஸ்ட். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் போகும்போது எந்தச் சாமி கண்ணில் பட்டாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். கோயில், தர்கா, மாதாகோயில் என்று பாகுபாடெல்லாம் கிடையாது. பஸ் டிரைவரே ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் போட்டுக்கொள்வார். அந்தம்மாவுக்கும் அது கையோடு வந்த பழக்கம். ஷார்ஜாவிலோ திரும்பின பக்கமெல்லாம் பள்ளிவாசல். டெஸ்ட் எடுக்க உட்கார்ந்தவர் ஒரு பெண் போலீஸ் அதிகாரி. முதல் பள்ளிவாசல் வந்தது, இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டார். இரண்டாவது வந்தது, போட்டார். மூன்றாவதில் அந்த அதிகாரி வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, ஏன் அடிக்கடி உன்னையே அடித்துக்கொள்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா தெரிந்த இந்தியில் விளக்கினார். அதிகாரிக்குக் கண்கூடக் கலங்கினதாம்.

"கடவுளுக்கு ரொம்ப நல்லதுன்னு சொன்னா அண்ணாச்சி. ஆனா ஸ்டியரிங்குக்கு நல்லதில்லையாம். ஃபெயிலு!"

டீ கொண்டுவந்தவன் முதல் எஸ்.ஐ. வரைக்கும் சிரித்துவிட்டோம். பலமுறை தோற்று, கடைசியில், மனசுக்குள் மட்டும் கும்பிடப் பழகிய பிறகுதான் லைசென்ஸ் கிடைத்ததாம்.

சிரிப்பு அடங்கினதும் நான் ஒரு கேள்வி கேட்டேன். ரொம்பநாளாக என் வாயில் நின்ற கேள்வி. "அது சரிம்மா. அந்த ஊர்ல சட்டம் அப்படி. இங்க எவன் கேக்கான்? எதுக்கு நீங்களா வந்து வந்து நிக்குதிய?"

அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒருவாட்டி நிக்காமப் போயிட்டேன் அண்ணாச்சி" என்றார்.

லைசென்ஸ் வாங்கின புதிது. ஒரு கடைக்கு வெளியே நின்ற யாருடைய காரையோ பின்பக்கம் எடுக்கும்போது நசுக்கிவிட்டார். சுற்றிலும் பார்த்தார், யாரும் இல்லை. பயத்தில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. இடித்ததைவிட, இடித்துவிட்டு ஓடினதுதான் அங்கே பெரிய குற்றம். போலீஸ் வீட்டுக்கு வந்து நின்றது. அந்தம்மா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முன்னால் போய், "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டார். அவருடைய லைசென்ஸைக் கொஞ்சகாலத்துக்கு முடக்கிவைத்துவிட்டார்கள். டிரைவர் வேலை பார்க்கிறவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் என்ன வேலை? கம்பெனிக் குடோனில் மூட்டை தூக்கினார்.

"தோள்பட்டையெல்லாம் தோலு உரிஞ்சு வருவாக. எண்ணெய் போட்டுவிடுவேன். ஒருநா, ஒருபொழுது, ஏன் இப்படிப் பண்ணினன்னு கேக்கல அண்ணாச்சி. திட்டியிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். தப்பு என்னது, சுமந்தது அவுக. அன்னைக்கே நெனச்சிட்டேன், இனிமே எனக்குள்ளத நான்தான் சுமப்பேன்னு."

மழை விட்டுவிட்டது, கிளம்புங்க என்று அதட்டி அனுப்பினேன். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆவணியில்தான் நிஜமான விபத்து நடந்தது.

ஆய்க்குடியிலிருந்து வீட்டுக்காரரை முன்சீட்டில் வைத்து ஓட்டி வந்துகொண்டிருந்தார். ஒரு பால்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் தொங்க, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, எதிர்த்திசையில் ராங் சைடில் வந்திருக்கிறார். அந்தம்மா பிரேக் போட்டு நின்றேவிட்டார். அந்த ஆள் நின்ற காரில் வந்து மோதி, கேனோடு ரோட்டில் விழுந்தார். கால் எலும்பு முறிந்துவிட்டது. ரோடெல்லாம் பால்.

கூட்டம் கூடியது. ரோட்டில் இன்னொரு எழுதாத சட்டம் உண்டு: பெரிய வண்டி மேல்தான் தப்பு. சைக்கிளும் பைக்கும் என்றால் பைக், பைக்கும் காரும் என்றால் கார். அதிலும் கார் ஓட்டியது பெண் என்றால் விசாரணையே வேண்டாம். காரைத் தட்டினார்கள், சாவியைப் பிடுங்கப் பார்த்தார்கள். அந்தம்மா எதையும் காதில் வாங்காமல், ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்ததும், சத்தம் போட்டவர்களையே ஆளுக்கொரு கை பிடிக்கச் சொல்லி, பால்காரரைப் பின்சீட்டில் நீளக் கிடத்தி, நேரே தென்காசி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து, வாக்குமூலம் எழுத நான் போனேன். வராந்தாவில் ஒரு பெஞ்சில் அந்தம்மா சேலையெல்லாம் பாலும் ரத்தக்கறையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் வீட்டுக்காரர். நான் கிட்டே போவதற்குள் கொழுந்தன் என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். கூட ஓர் இளவட்டம்.

"ஏட்டையா, இவன் நம்ம கடை டிரைவர். இவன் ஓட்டினதா எழுதிருங்க. மைனி மேல கேஸ் வந்து லைசென்ஸப் பிடுங்கிட்டா அண்ணன யாரு ஆய்க்குடிக்குக் கொண்டு போவா? இப்பத்தான் கால ஊன ஆரம்பிச்சிருக்காரு. பாதியில விட்டா படுத்துருவாரு. புண்ணியமாப் போகும்."

அவர் சொன்னதில் சூது ஒன்றும் இல்லை. அண்ணன்மேல் உள்ள பாசம்தான். ஊரில் நடக்காததும் இல்லை. ஆனால் அந்தம்மா காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்தார்.

"வேண்டாம் கொழுந்தனாரே. ஒருத்தர் எனக்காகச் சுமந்தாச்சு. இன்னொரு பிள்ளைய சுமக்கவிடமாட்டேன். ஏட்டண்ணாச்சி, நான்தான் ஓட்டினேன். எழுதுங்க."

"போச்சு!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் கொழுந்தன்.

எனக்கும் அதேதான் தோன்றியது. இந்தம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதா? அடுத்த வார்த்தை என்ன வரும் என்றும் தெரியும். பால்காரருடைய தாய்மாமா ஒருவர், இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போல, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அந்தம்மா நல்லவங்க ஏட்டையா, எப்பவுமே ஒத்துக்கிடுவாங்க. அவங்க வாயாலயே கேட்டு எழுதிக்கிடுங்க, வேற சாட்சி வேண்டாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். நான் வேண்டாவெறுப்பாகப் பேனாவைத் திறந்தேன். சக்கர நாற்காலியில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நல்ல கை நாற்காலிப் பிடியை இறுகப் பிடித்திருந்தது. எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"சொல்லுங்கம்மா. தப்பு யார் மேல?"

"என் மேல இல்ல அண்ணாச்சி."

நான் எழுதப்போன கை நின்றுவிட்டது.

"நான் நின்னுட்டேன். அவருதான் ராங் சைடுல வந்து மோதினாரு. போன் பேசிட்டு வந்தாரு. காலு முறிஞ்சு கெடக்க மனுசன் மேல பழி போடுதேன்னு நீங்க நெனச்சாலும் சரி, இது என் தப்பு இல்ல. இல்லாதத நான் ஒத்துக்கிடமாட்டேன்."

'என் மேல தப்பு இல்ல' என்கிற வார்த்தையை நான் என் சர்வீஸில் எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்! சாமி மேல், பிள்ளை மேல், பெற்ற தாய் மேல் அடித்துச் சத்தியம் செய்தவர்களையும் நான் நம்பியதில்லை. அன்றைக்கு நம்பினேன். நான் மட்டும் இல்லை, அந்த வராந்தாவில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. தாய்மாமா மட்டும், "அது எப்படி..." என்று ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

உள்ளே போய்ப் பால்காரரிடம் கேட்டேன். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தார். பின்னாலேயே வந்த தாய்மாமா கண்ணைக் கண்ணைக் காட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமா, நீங்க சும்மா இருங்க. ஏட்டையா, நான்தான் தப்பா வந்தேன். அந்தக்கா நெனச்சிருந்தா என்னை ரோட்டுல போட்டுட்டுப் போயிருக்கலாம். போவல. வழியெல்லாம் அழாதீங்க தம்பி, அழாதீங்க தம்பின்னு சொல்லிட்டே ஓட்டிட்டு வந்தாக. அழுதது அவுகதான்."

அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வெளியே வந்து அந்தம்மாவிடம், "காலையில ஆய்க்குடிக்குக் கிளம்புங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போய் வீட்டுக்காரர் காலடியில் அப்படியே உட்கார்ந்துகொண்டு, அவருடைய அசையாத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொழுந்தன் மூக்கைச் சிந்திக்கொண்டு டீ வாங்கப் போனார்.

கதை அதோடு முடியவில்லை. பால்காரருக்குக் கட்டுப் பிரித்த பிறகு காலுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. அதற்கும் ஆய்க்குடிதான். அந்தம்மா தினமும் போகிற வழியில் அவர் வீட்டுவாசலில் நின்று அவரையும் ஏற்றிக்கொண்டார். "உங்க மேல தப்பு இல்லன்னுதான் ஆயிட்டே, பின்ன எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன். "தப்பு இல்லன்னா காலு சரியாயிருமா?" என்றார்.

அந்தப் பால்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். காரில் ஏறினதும் தொடங்குவார்: மாடு, புண்ணாக்கு, மச்சினன், மழை. பக்கவாதக்காரர் ஒருவர் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பயிற்சி கொடுக்கிற இடத்தில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளைப் பிடித்து நடக்கவிடுவார்கள். அதுவரைக்கும் அந்தம்மாவின் வீட்டுக்காரர் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு, இரண்டு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஆள். பால்காரர் விடுவாரா? "அண்ணாச்சி, நான் அந்தக் கடைசிக்குப் போயிட்டேன். நீங்க எங்கன நிக்குதிய? ஷார்ஜாவுலயா?" என்று தினமும் சீண்டினார்.

ஒருநாள் அந்தம்மா ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். எதை இடித்தாரோ என்று நான் எழுந்தேன்.

"அண்ணாச்சி, அவுக பேசிட்டாக!"

"என்னம்மா பேசினாரு?"

வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "கெட்ட வார்த்த அண்ணாச்சி. அந்தத் தம்பியப் பாத்து. அம்புட்டும் தெளிவா! நான் கட்டிக்கிட்டு வந்த நாளா அவுக வாயில அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல. வைதுட்டு, அவன முந்திக்கிட்டு அந்தக் கடைசி வரைக்கும் நடந்துட்டாக!"

எஸ்.ஐ. எழுந்துவந்து கை கொடுத்தார். எங்கள் ஸ்டேஷனில் ஒரு கெட்டவார்த்தைக்காக மிட்டாய் வாங்கிக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

இப்போது அவர்கள் தென்காசியில் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்து, கோயம்புத்தூர் பக்கமே குடிபோய்விட்டார்கள். அந்த ஊர் டிராஃபிக் போலீஸை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. போவதற்கு முன்னால் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது மறு வருஷச் சீசனில்.

ஐந்தருவி ரோட்டில் எனக்கு டூட்டி. ஞாயிற்றுக்கிழமை. சாரல் தூறிக்கொண்டிருந்தது. தண்ணீர் நன்றாக விழுகிறது என்று எவனோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட, நாலு ஜில்லா வண்டியும் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பழக்கடைக்காரர்கள் ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் விசிலை ஊதி ஊதித் தொண்டை வற்றிப்போயிருந்தேன். அப்போது எதிர்ப்பக்கம் அந்தம்மா நின்றார். காரை எங்கேயோ தூரத்தில், நிறுத்தச் சொன்ன இடத்திலேயே நிறுத்திவிட்டு வந்திருப்பார், வேறு யார் அப்படிச் செய்வார்கள்? பக்கத்தில் இடது கையில் ஊன்றுகோலோடு அவருடைய வீட்டுக்காரர். பால்காரர் சாலையைக் கடந்து அருவிப்பக்கம் வந்துவிட்டு, துண்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு விறுவிறுவென்று தனியாகக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். வேண்டுமென்றேதான் வீட்டுக்காரரைத் தனியாக விட்டுவிட்டு வந்தார்.

நான் இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்க வண்டிகளையும் நிறுத்தினேன். வீட்டுக்காரர் காலைத் தூக்கி வைத்தார். ஓர் எட்டு. ஊன்றுகோல். இன்னோர் எட்டு. ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அடுத்தடுத்து எல்லா ஹாரனும் அடங்கி, அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. நடுரோட்டில் அவர் நின்றுவிட்டார். ஈரத்தில் வலது கால் இழுத்தது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பிடிக்கப் பாய்ந்தேன்.

அந்தம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் யூனிஃபார்மில் இருப்பதெல்லாம் அவருக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை.

"தொடாதீங்க அண்ணாச்சி. அவுகளே வருவாக."

வந்தார்.